மேற்கு அறையில் ஐந்து பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பூட்டிக் கிடந்த மேற்கு அறையின் எண் நானூற்று இருபதிலிருந்து நானூற்று அறுபதுக்கு ஏறியது. அதைப் பார்த்தவர் ஒருவர்தான். அவருடைய கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அந்த எண் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதமாக அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அசையவும் கூடாது, ஏனென்றால் அந்த அறையில் யாரும் இல்லை.

அந்த எண், காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவு. ஆள் இருந்து மூச்சு விட்டால் ஏறும், எழுந்து போனால் இறங்கும். வெளிக்காற்றில் நானூற்றிச் சொச்சம் இருக்கும். ஜன்னல் சாத்திய மேற்கு அறையில் ஆளுக்கு ஏறக்குறைய நூறு கூடும் என்று அவர் பலமுறை அளந்து வைத்திருந்தார். எண்ணை மட்டும் சொன்னால் போதும், உள்ளே எத்தனை பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு ஜன்னல் சார் என்று பெயர். விருந்து வீடோ துக்க வீடோ, உள்ளே போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிடுவார். இருமல், தும்மல், பேச்சு என்று வாயிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் ஓர் அறைக்குள் எவ்வளவு நேரம் மிதக்கும், அவற்றில் தொற்றிக்கொண்டு வரும் வைரஸ் எத்தனை பேரைப் பிடிக்கும் என்ற கேள்வியோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர். அவருக்கு எதிரில் இருமுவதற்கே மற்றவர்கள் பயப்படுவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எத்தனை அடி தள்ளிப் போய் இருமினீர்கள் என்று மட்டும் கேட்பார்.

அன்று விடுமுறை. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. மாலை ஆறு மணிக்குள் ஒரு கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்பதால்தான் அவர் வந்திருந்தார்.

ஊரின் ஓரத்தில் ஒரு முதியோர் பகல் இல்லம் இருக்கிறது. காலை பத்துக்கு வந்து, பேசி, விளையாடி, பேப்பர் படித்து, ஐந்துக்கு வீடு திரும்புகிற வயதானவர்கள். கிழக்கே ஓர் அறை, மேற்கே ஓர் அறை. இரண்டிலும் அறைக்கொரு காற்றுச் சுத்திகரிப்பு மெஷினை வைத்து ஆறு மாதம் சோதனை செய்தார். ஒரு மெஷினுக்குள் வடிகட்டி உண்டு. இன்னொன்றில் அதே பெட்டி, அதே விசிறி, அதே சத்தம், அதே பச்சை விளக்கு. உள்ளே வடிகட்டி மட்டும் கிடையாது. இவர்கள் பேச்சில் அதற்குப் பொம்மை என்று பெயர். எது நிஜம் எது பொம்மை என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். ஓர் அறையில் வடிகட்டி இருக்காது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதித்தான் இருந்தது. நீங்க சொன்னா சரி சார் என்று சொல்லி, படிக்காமலே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. கிழக்கு அறையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேற்கு அறையில் ஒன்பது பேரில் ஏழு பேர் படுத்தார்கள், அதில் ஐந்து பேர் எழுந்திருக்கவே இல்லை. பஸ் ஓட்டிய டிரைவர், கணக்கு டீச்சர், தையல்காரர், தபால்காரர், நர்ஸாக இருந்த அம்மா. இல்லத்தை மூடினார்கள். கட்டுரையைப் படித்த ஆராய்ச்சி நிலைய இயக்குநர், வடிகட்டி உயிரைக் காக்கும் என்பதற்கு இப்படி ஒரு சான்று கிடைப்பது அபூர்வம் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை அவர் பிறகு வெகுநேரம் கழுவினார்.

கட்டுரை முழுவதும் சரி. ஒரே ஒரு வரிதான் அவரைத் தூங்கவிடவில்லை. 'எந்த அறைக்கு வடிகட்டி என்பது நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது.'

சுண்டியது உண்மைதான். இல்லத்தின் நடைபாதையில் தனியாக நின்று சுண்டினார். தலை விழுந்தால் மேற்கு அறை, பூ விழுந்தால் கிழக்கு அறை. தலை விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கிழக்கு அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அவருடைய அண்ணனின் இருமல். அப்பா போனபின் சிமெண்ட் கிடங்கில் மூட்டை எண்ணி, தம்பியைப் படிக்கவைத்து, அந்தத் தூசியை எல்லாம் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்ட அண்ணன். மூச்சை இழுத்தால் கடைசியில் மெல்லிய விசில் ஒன்று வரும். ஆறு வயதில் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கியவர் இவர். காற்றைப் படிக்கப் போனதே அதனால்தான். உள்ளங்கையில் கிடந்த நாணயத்தை ஒருமுறை புரட்டிப் போட்டார். பூ. வேறு யாரும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு மேற்கு அறையின் எண் அறுநூற்று ஐம்பது. பன்னிரண்டுக்குத் தொள்ளாயிரத்து இருபது. அதற்கு மேல் ஏறாமல் நின்றது.

கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் கவனிப்பில்லாமல் கிடந்த கருவி அது. ஒரு மணிக்கு எண் மடமடவென்று இறங்கியது. இரண்டு மணிக்கு மறுபடி ஏறத் தொடங்கியது. அதன் பிறகுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இல்லத்தில் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். எல்லோரும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். இரண்டு மணிக்குத் திரும்பி வருவார்கள். கெட்டுப்போன கருவிக்குச் சாப்பாட்டு நேரம் தெரியுமா?

தொள்ளாயிரத்து இருபதிலிருந்து நானூற்று இருபதைக் கழித்தார். ஐந்நூறு. ஐந்து பேர்.

இல்லத்தின் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"மேற்கு ரூமைத் திறந்தீங்களா?"

"இல்ல சார். பூட்டித்தான் இருக்கு. சாவி என் இடுப்புலதான் இருக்கு."

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"நீங்களே ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க சார்," என்றார் வாட்ச்மேன்.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார். வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் இல்லாமல் ஒரு மந்தமான வெளிச்சம். நடைபாதையின் ஓரத்தில் இன்னும் ஒரு ஊன்றுகோல் சாய்ந்து நின்றது. யாருடையது என்று அவருக்குத் தெரியும், பார்க்காதது போல் நடந்தார். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். ஆயிரத்தைத் தாண்டினால் கூவும்படி அதில் வைத்திருந்தார். கதவுக்கு வெளியே நின்று பார்த்தார், நானூற்று முப்பது. வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டு, தான் மட்டும் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?"

"எனக்கு கேட்ல வேலை இருக்கு சார்."

கேட்டில் ஒரு வேலையும் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த அறையில் தூசி வாசனையும் பூஞ்சை வாசனையும் வர வேண்டும். அங்கே வந்தது தலைவலித் தைலமும், இருமல் மருந்தும், பழைய ஸ்வெட்டரும், சற்று முன்தான் யாரோ எழுந்து போனது போன்ற மனித வெதுவெதுப்பும் கலந்த வாசனை. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் மங்கியிருந்தன. கேரம் போர்டின் மேல் தூசி இல்லை. நாற்காலிகள் மெஷினைச் சுற்றி அரைவட்டமாகக் கிடந்தன. மூலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு எரிந்தது.

"இதை ஏன் நிறுத்தலை?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீங்கதான சார் சொன்னீங்க, நீங்க சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு." வாட்ச்மேன் வெளியிலிருந்தே பதில் சொன்னார். "நாற்காலியெல்லாம் இத்தனை நாளும் சுவரோரம் அடுக்கித்தான் இருந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் எட்டிப் பாத்தா இப்படிக் கெடக்கு. எலி வந்து நாற்காலி இழுக்குமா சார்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

அரைவட்டத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரமே அவர்கள் அப்படிப் போட்டுக்கொண்டார்கள். நல்ல காற்று அங்கிருந்து வருகிறது என்று நம்பி நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள், தோளோடு தோள் இடிக்க. நர்ஸம்மா, முடியாதவர்களுக்கு முதல் இடம் என்று முறை வைத்தார். மெஷின் வந்தப்புறம் மூச்சு லேசா இருக்கு சார் என்று தையல்காரர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் சிரித்துத் தலையாட்டி, அதைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்.

கையில் இருந்த மீட்டரைப் பார்த்தார். தொள்ளாயிரத்து இருபது.

ஜன்னலருகே போனார். இதே ஜன்னலைத்தான் டிரைவர் ஒருநாள் திறந்து வைத்திருந்தார். வண்டியிலேயே வாழ்ந்த மனுஷன், முகத்தில் காற்று அடிக்காவிட்டால் அவருக்குப் பொறுக்காது. திறந்த ஜன்னலால் அன்றைய அளவு கெட்டுப்போனது. ஊர் முழுக்க ஜன்னலைத் திறந்துவிட்டவர், வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு ஜன்னலைச் சாத்தினார். கொக்கியையும் போட்டார். டிரைவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். எதுக்குக் கவலைப்படறீங்க, மெஷின் பாத்துக்கும் என்று இவர் சொன்னார். சரி, தம்பி சொன்னா சரிதான் என்று டிரைவர் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம்தான் காய்ச்சல் வந்தது.

இப்போது கொக்கியைத் தள்ளி, இரண்டு கதவையும் அகலத் திறந்தார். வெளிக்காற்று உள்ளே வந்து கேரம் போர்டின் மேலிருந்த ஒரு சீட்டைக் கீழே தள்ளியது. ஐந்து நிமிடம் நின்றார். மீட்டரைப் பார்த்தார்.

தொள்ளாயிரத்து இருபது.

அப்படி இருக்க முடியாது. திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால் எண் இறங்கித்தான் ஆக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஜன்னலருகே வந்து, மீட்டரைச் சுற்றி நின்றுகொண்டால் ஒழிய.

அவர் அசையவில்லை. பிடரியில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. பட்டது. விட்டது. மறுபடி பட்டது.

மெல்லத் திரும்பினார். யாரும் இல்லை. மெஷினின் முன்பக்க வலையில் அவர் கட்டிவிட்ட நீலத் தாள் கீற்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பாருங்க, காத்தை எப்படி இழுக்குதுன்னு என்று அவர்களுக்குக் காட்டுவதற்காக, இரண்டு அறை மெஷினிலும் கட்டிய, விரல் நீளத்தில் ஒரு மெல்லிய தாள். விசிறி ஓடினால் அது வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே. வெளியே.

ஒரே சீராகவும் இல்லை. நீளமாக ஒன்று, அதன் நடுவிலேயே சின்னதாக, வேகமாக இன்னொன்று, பிறகு இரண்டாகத் தடுக்கித் தடுக்கி வரும் ஒன்று. சோதனைக்காக அவர்கள் ஒவ்வொருவரின் மூச்சையும் அவர் பதிவு செய்திருந்தார். தடுக்கி வருவது டிரைவருடையது. சின்னதாக வருவது டீச்சருடையது.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. விசிறி உறுமி, தேய்ந்து, நின்றது. அறை அமைதியானது.

தாள் உள்ளே போனது. வெளியே வந்தது.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"டீச்சரம்மா காய்ச்சலோட வந்து கடைசி நாள் வரைக்கும் அந்த மெஷின் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாங்க. நான்தான் நாற்காலியை இன்னும் கிட்டத் தள்ளிப் போட்டேன். அந்த மெஷின் வேலை செஞ்சுதா சார்?"

திறந்த கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும் நிசப்தம். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். சொன்னால் கட்டுரை போகும், பெயர் போகும், வேலை போகும். அதெல்லாம் போனால் போகட்டும். அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே. டிரைவர், அண்ணனின் நாற்பது வருஷ நண்பர்.

"செஞ்சுது," என்றார். "நல்லாத்தான் செஞ்சுது."

வாட்ச்மேன் தலையாட்டினார். நிம்மதியா, நம்பவில்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. கையிலிருந்த மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. எழுநூறு. ஐந்நூறு. நானூற்று இருபது. கதவுக்குள் எட்டிப் பார்த்தார். தாள் அசையாமல் தொங்கியது, அறை வெறும் அறையாக இருந்தது. போய்விட்டார்கள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கே வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மீட்டரைப் பையில் போட்டு மூடினார்.

வழியெல்லாம் காரின் கண்ணாடி உள்பக்கம் மங்கிக்கொண்டே வந்தது. துடைத்தார். மங்கியது. ஓர் ஆள் மட்டும் போகிற காரில் இப்படி மங்காது என்று அவருக்குத் தெரியும். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, முன்னால் மட்டும் பார்த்து ஓட்டினார். பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

வீட்டில் அண்ணன் மட்டும்தான். இவருடைய மனைவி, மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. அண்ணன் சாப்பாட்டு மேஜையருகே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழமையும் விட மாட்டியாடா? முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. காப்பி போட்டுத் தரவா?"

"வேணாம்ணே. நீங்க உக்காருங்க."

மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார். ஐந்து ஐம்பது. கட்டுரை தயாராக நின்றது. அந்த வரிக்குப் போனார். அதை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத இரண்டு நிமிடம் போதும். அழிக்கவும் அழித்தார். வெற்றிடத்தில் கோடு விட்டுவிட்டு மினுங்கியது.

"தம்பி," என்றார் அண்ணன்.

"சொல்லுங்கண்ணே."

"ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். ரெண்டு ரூம்லயும் இருந்தது ஒரே மெஷின்தானேடா?"

விரல்கள் விசைப்பலகை மேல் நின்றுவிட்டன.

"இல்ல, டிரைவர் அன்னிக்குக் கூப்பிட்டான். இங்க வந்து உக்காரு, கேரம் ஆடலாம்னான். நான்தான் சத்தம் ஆகாதுன்னு போகலை. போயிருந்தா என்னாயிருக்கும்னு அப்பப்ப தோணுது." அண்ணன் மூச்சை இழுத்தார், கடைசியில் அந்த விசில். "நான் பிழைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. அதான் கேட்டேன்."

"ஒரே மெஷின்தான்ணே." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் அதிர்ஷ்டம்."

அண்ணன் தம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வயதில் பொய் சொன்னால் அடிக்க மாட்டார், இப்படித்தான் பார்ப்பார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கொஞ்சம் சாயறேன். நெஞ்சு என்னமோ இறுக்கமா இருக்கு."

கிழக்கு அறையின் மெஷின், வடிகட்டி உள்ள நிஜ மெஷின், இப்போது அண்ணனின் அறையில்தான் இருந்தது. இல்லத்தை மூடிய மறுநாளே இவர் தூக்கிவந்துவிட்டார். தூசி வரக்கூடாதென்று அந்த அறையின் ஜன்னல் இடுக்குகளுக்கு டேப்பும் ஒட்டியிருந்தார்.

"மெஷினைப் போட்டுக்கோங்கண்ணே. அது பாத்துக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. அண்ணனின் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து ஐம்பத்தேழு. எந்த அறைக்கு வடிகட்டி என்பது நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது. திரும்ப அடித்தார். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தார். அனுப்பினார். நன்றி, உங்கள் கட்டுரை வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. இருக்கையில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஹாலில் வெளிச்சம் மங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது. மாடியில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தைல வாசனை. அண்ணன் தைலம் தேய்ப்பதில்லை.

பைக்குள் மீட்டர் கூவியது.

வெளியே எடுத்தார். ஆயிரத்து நூற்று இருபது. இந்த வீட்டையும் அவர் அளந்து வைத்திருந்தார், இங்கேயும் ஆளுக்கு நூறு. அவரும் அண்ணனும் மட்டும் என்றால் அறுநூற்று இருபதைத் தாண்டாது. கழித்தார். மறுபடி கழித்தார். கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே விடைதான் வரும்.

ஏழு பேர்.

அப்போதுதான் கவனித்தார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலிகள் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது சோபாவில். எப்போது சோபாவுக்கு வந்தார்?

"அண்ணே."

பதில் இல்லை.

கதவைத் தள்ளினார். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே விளக்கு இல்லை, பச்சைப் புள்ளி மட்டும். கண் பழகியது. நாலு சாப்பாட்டு நாற்காலிகள். சமையலறை முக்காலி ஒன்று. ஐந்து. அரைவட்டம். ஆனால் மெஷினைச் சுற்றி அல்ல. கட்டிலைச் சுற்றி. நெருக்கமாக, ஒன்றோடு ஒன்று இடிக்க.

கட்டிலில் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சு ஏறியது. இறங்கியது.

மெஷினின் வலையில் நீலத் தாள். உள்ளே. வெளியே.

தாள் உள்ளே போனால் அண்ணனின் நெஞ்சு இறங்கியது. வெளியே வந்தால் ஏறியது. உள்ளே போவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டது. வெளியே வருவது கொஞ்சம் குறைந்தது.

சுவரைத் தடவினார். ஒயர் கையில் வந்தது. பிளக் தரையில் கிடந்தது.

ஜன்னல். ஓடினார். டேப்பை நகத்தால் கீறினார். நல்ல டேப். அவரே தேடி வாங்கியது. நகம் பிய்ந்தது. டேப் வரவில்லை.

"அண்ணே, எழுந்திரிங்க. அண்ணே."

தாள் உள்ளே போனது. நீளமாக. போய்க்கொண்டே இருந்தது.

நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை.

கட்டிலருகே மண்டியிட்டார். முக்காலி அவர் தோளில் இடித்தது. "தலைதான் விழுந்துச்சு," என்றார். அண்ணனின் காதுக்குச் சொன்னார், நாற்காலிகளுக்கும் சொன்னார். "தலைதான் விழுந்துச்சு. மேற்கு ரூமுக்குத்தான் போகணும். நான்தான் புரட்டினேன். அண்ணே இருமினீங்க, நான் புரட்டிட்டேன். அவங்களோடதை எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டேன். ஜன்னலையும் நான்தான் சாத்தினேன். எல்லாத்தையும் எழுதிடறேன். இப்பவே எழுதிடறேன்."

தாள் நின்றது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நேராக, அந்தரத்தில்.

கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலை நோக்கிக் கையை நீட்டி அண்ணனின் நெஞ்சில் வைத்தார். சட்டைக்கு அடியில் எதுவும் அசையவில்லை. கையை எடுக்காமல் காத்திருந்தார். மடியில் கிடந்த மீட்டரில் எண் மினுங்கியது. ஒருவர் குறைந்தால் நூறு குறைய வேண்டும்.

ஆயிரத்து நூற்று இருபது. குறையவே இல்லை.

தாள் மெல்ல அசைந்தது. உள்ளே போனது. நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று, தடுக்கித் தடுக்கி ஒன்று. இன்னும் இரண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில், அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, ஆறு வயதிலிருந்து அவர் கேட்டுத் தூங்கிய அந்த மெல்லிய விசில் வந்தது.